மலை விழுந்த தேதி

நியூசிலாந்தின் மிக உயரமான மலை அவோராக்கி. குக் மலை என்றும் சொல்வார்கள். 1991க்கு முன் அச்சான புவியியல் புத்தகத்தைத் திறந்தால் அதன் உயரம் 3,764 மீட்டர் என்று இருக்கும். இன்றைய கணக்கு 3,724 மீட்டர். இடையில் நாற்பது மீட்டர் போயிருக்கிறது. கன்னியாகுமரியில் கடல் நடுவே நிற்கும் திருவள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி, அதாவது நாற்பது மீட்டருக்குச் சற்று மேல். ஏறக்குறைய அந்தச் சிலை அளவுக்கு ஒரு மலை குட்டையாகிவிட்டது. அது எந்த நாளில் தொடங்கியது என்பதும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது: 1991 டிசம்பர் 14.

அன்று நள்ளிரவு கடந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. அங்கே அது கோடைக்காலம். உச்சியின் கிழக்கு முகம் அப்படியே பெயர்ந்தது. கிராண்ட் பிளாட்டோ என்ற பனிச் சமவெளியில் விழுந்து, அங்கே கிடந்த பனியையும் வாரிக்கொண்டு, ஹோக்ஸ்டெட்டர் பனியருவி வழியாக இறங்கி, டாஸ்மன் பனியாற்றைக் குறுக்கே கடந்த பிறகுதான் நின்றது. மேலிருந்து கீழே ஏறத்தாழ 2,700 மீட்டர் இறக்கம். நம் பக்கத்து மகேந்திரகிரியின் முழு உயரமே சுமார் 1,650 மீட்டர்தான். ஓடிய தூரம் சுமார் ஏழரை கிலோமீட்டர். நாகர்கோவிலில் கிளம்பினால் சுசீந்திரத்தைத் தாண்டிவிடலாம்.

விழுந்த பாறையின் அளவு சுமார் 1 கோடியே 20 லட்சம் கன மீட்டர். எண்ணைப் படித்தால் மனதில் ஒன்றும் தோன்றாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சாலைகளில் கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரி ஒன்றுக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு லட்சம் லோடு. நாள் ஒன்றுக்கு ஆயிரம் லோடு வீதம் அள்ளினாலும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மலை அதைச் சில நிமிடங்களில் இறக்கிவிட்டது.

உயரக் கணக்கில் ஒரு திருத்தம் சொல்லிவிட வேண்டும். நாற்பது மீட்டரும் அன்றைக்கே போய்விடவில்லை. அந்த இரவில் உச்சியில் இருந்து போனது பத்து மீட்டர் என்று கணக்கிட்டார்கள். முட்டுக்கொடுத்த பாறை போன பிறகு, உச்சியில் மிஞ்சிய பனித்தொப்பி இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தேய்ந்தது. 2013 நவம்பரில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று ஜி.பி.எஸ். கருவியோடு மேலே ஏறி அளந்தபோதுதான் 3,724 என்ற எண் கிடைத்தது. சரிவு ஒரு இரவில் முடிந்தாலும் அதன் கணக்கு முடிய அத்தனை ஆண்டுகள் பிடித்தன.

அந்தச் சரிவில் ஒருவரும் சாகவில்லை. பனிச் சமவெளியின் ஓரத்தில் மலையேறுபவர்கள் தங்கும் பிளாட்டோ குடில் இருக்கிறது. அன்றிரவு அதில் ஆட்கள் இருந்தார்கள். சரிவு குடிலில் இருந்து சுமார் முந்நூறு மீட்டர் தள்ளிப் போனது. இருட்டில் பாறையோடு பாறை உரசித் தீப்பொறி பறந்ததை அவர்கள் பார்த்துச் சொன்னார்கள். அதிர்வுமானிகள் அந்த நடுக்கத்தைப் பதிந்து வைத்திருந்தன. ரிக்டர் அளவில் 3.9க்கு ஒப்பானது. ஆனால் அந்த நில நடுக்கத்தால் மலை விழவில்லை, மலை விழுந்ததால்தான் நிலம் நடுங்கியது. சரிவுக்கு முன்னால் பூகம்பமும் இல்லை, பெருமழையும் இல்லை.

எனக்கு இந்தச் சம்பவத்தின் மேல் இவ்வளவு ஈடுபாடு வரக் காரணம் இந்த இரண்டும்தான். ஆள் சாகவில்லை. வெளிக்காரணமும் இல்லை. நம் ஊரில் இப்படி ஒன்று நடந்திருந்தால் அடுத்த பொங்கலுக்குள் மறந்திருப்போம். மழை பெய்தது, மண் சரிந்தது, இத்தனை பேர் இறந்தார்கள் என்ற வரிசையில்தான் நாம் மலையை நினைவில் வைக்கிறோம். மழையும் இல்லாமல் சாவும் இல்லாமல் ஒரு மலை இடிந்தால் அதை எங்கே எழுதி வைப்பது என்றே நமக்குத் தெரியாது. உண்மையில் மலையைப் பற்றி மிக அதிகம் சொல்லித்தருவது அந்த மாதிரிச் சரிவுதான்.

காரணமே இல்லாமல் எப்படி விழும் என்று கேட்கலாம். தென்னந்தோப்பில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல எளிய வழி இருக்கிறது. இலை அசையாத மத்தியானத்தில் தென்னமட்டை பொத்தென்று விழும். அந்த நிமிடத்தில் காற்று இல்லை, யாரும் ஏறவில்லை. ஆனால் மட்டையின் அடி பல வாரமாகக் காய்ந்து, நார் நாராகப் பிடி விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. கடைசி நாரும் விட்டபோது விழுந்தது. காரணம் பல வாரமாக அந்த அடியிலேயே இருந்தது.

பாறையிலும் இதே கதைதான். தூரத்தில் இருந்து பார்க்கும்போது மலை ஒரே கல்லாகத் தெரியும். உள்ளே அது விரிசல்களால் பிரிக்கப்பட்ட துண்டுகளின் அடுக்கு. ஒரு துண்டுக்கும் அதன் பின்னால் உள்ள மலைக்கும் நடுவே விரிசல் ஓடும்; ஆனால் முழுவதும் ஓடியிருக்காது. அங்கங்கே உடையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. புவியியலாளர்கள் இவற்றைப் பாறைப் பாலங்கள் என்கிறார்கள். முழுச் சுமையும் இந்தச் சின்னப் பாலங்களின் மேல்தான். பாலம் ஒன்று உடைந்தால் அதன் சுமை மற்றவற்றின் மேல் ஏறும். விரிசலின் முனை ஆண்டுக்கு மயிரிழை அளவு நீளும், சில ஆண்டு நீளாமல் கிடக்கும், மறுபடி நீளும். கடைசிப் பாலம் ஒரு நல்ல வெயில் நாளிலும் உடையலாம், யாரும் விழித்திராத இரவிலும் உடையலாம்.

அவோராக்கியின் கல் கிரேவாக்கி என்ற கடினமான மணற்கல். கடலடியில் படிந்த மண், இறுகிக் கல்லாகி, மடங்கி, நொறுங்கி, ஆல்பைன் பிளவு என்ற பெரும் நிலப்பிளவின் தள்ளலில் மேலே வந்தது. இன்றும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டே இருக்கிறது. பனியாறு அடியை அரித்துச் சரிவைச் செங்குத்தாக்குகிறது. இடுக்கில் நீர் உறைந்து விரிசலை அகலப்படுத்துகிறது. உயர்வது, நொறுங்குவது, விழுவது மூன்றும் அந்த மலையில் சேர்ந்தே நடக்கின்றன. 2014 ஜூலையில் அதன் ஹிலாரி முகட்டில் இருந்து மறுபடி ஒரு பெரிய பாறைச் சரிவு வந்தது.

நம் மாவட்டத்து மலைகள் வேறு ஜாதி. சார்னோக்கைட், கோண்டலைட், செம்மணிக்கல் (கார்னெட்) கலந்த நைஸ் ஆகிய பாறை வகைகள்தான் இங்கே பெரும்பாலும். சார்னோக்கைட் என்ற பெயரின் கதை கேட்கத் தகுந்தது: கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்திருக்கும் கல், சென்னைப் பக்கத்துக் கல். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893ல் அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். இந்தப் பாறைகள் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் இருபது கிலோமீட்டர் அளவு ஆழத்தில் வெந்து உருவானவை. மேலே இருந்த பாரமெல்லாம் தேய்ந்து போக, அமுக்கம் விட்ட பாறை விரிகிறது. விரியும்போது மேற்பரப்புக்கு இணையாக வெங்காயத் தொலி போல அடுக்கடுக்காகப் பிரிகிறது. ஆரல்வாய்மொழி வழியாகப் பேருந்தில் போகும்போது மொட்டைப் பாறைகளைக் கவனித்துப் பாருங்கள். ஓரத்தில் உரிந்து நிற்கும் தகடுகள் கண்ணுக்கே தெரியும்.

இந்தத் தகடுகள் சும்மா நிற்பதில்லை. அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இதே மாதிரி உரிந்து நிற்கும் கிரானைட் தகடு ஒன்றில் அளவுமானி பொருத்திப் பார்த்தார்கள். பத்தொன்பது மீட்டர் உயரம், பத்து சென்டிமீட்டர் கனம். வெயில் ஏற ஏறத் தகடு மலையை விட்டு விலகுகிறது, இரவில் மறுபடி ஒட்டுகிறது. ஒரே நாளில் ஒரு சென்டிமீட்டர் வரை. தினமும் இப்படித் திறந்து மூடும் கதவு ஒருநாள் கீலோடு கழன்று விழும் என்பதில் என்ன ஆச்சரியம்? அங்கே காரணம் தெரியாமல் விழுந்த பாறைகளில் பல, கோடையின் உச்ச வெயில் நேரத்தில் விழுந்திருப்பதையும் 2016ல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. கன்னியாகுமரிக் கல்லுக்கு வெயிலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே அதோடு இரண்டு மழைக்காலமும் உண்டு. கன்னிப்பூ நெல் போகத்துக்கு ஒரு மழை, கும்பப்பூ போகத்துக்கு ஒரு மழை. விரிசலுக்குள் நீர் போக ஆண்டுக்கு இரண்டு வாய்ப்பு. போதாததற்குப் பாறை இடுக்கில் கல்லிச்சி மரத்தின் வேர் இறங்கி ஆப்பு அடித்தது போல நிற்கும்.

உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் உண்டு. மயிலாடிக்குப் போனால் தெரு முழுக்க உளிச் சத்தம். ஒருமுறை அங்கே ஒரு பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன். சிலை வடிக்க வந்த கல்லை ஆசாரி முதலில் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சுத்தியலின் பின்பக்கத்தால் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வந்தார். ணங், ணங் என்று வெண்கல மணி போல வந்த ஓசை ஒரு இடத்தில் மட்டும் தட் என்று மங்கியது. மறுபடி அதே இடத்தில் தட்டினார்.

“கேட்டீங்களா அண்ணாச்சி? வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. உள்ள கீறல் ஓடுது. இதுல முகம் வச்சா மூக்கு நிக்காது.”

கல்லுக்குள் அதிர்வு தடையில்லாமல் ஓடினால் மணியோசை. குறுக்கே விரிசல் இருந்தால் அதிர்வு அங்கேயே தேங்கி மழுங்கிவிடும். சுரங்கத்தில் கூரைப்பாறையைத் தட்டிப் பார்ப்பதும் இதே அறிவுதான். ஆண் கல், பெண் கல் என்று ஓசையை வைத்துக் கல்லைப் பிரிக்கும் மரபு சிற்பிகளிடம் நூற்றாண்டுகளாக இருக்கிறது. ஒரு மலையைத் தட்டிப் பார்க்க முடியாது. அதனால்தான் மலை தானாகக் கொடுக்கும் ஒவ்வொரு சத்தத்தையும் விடாமல் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

யோசெமிட்டியில் அந்த வேலையைச் செய்தார்கள். 1857 முதல் 2011 வரை அந்தப் பூங்காவில் பாறை விழுந்த 925 சம்பவங்களின் பட்டியல் இருக்கிறது. தேதி, நேரம், எங்கிருந்து, எவ்வளவு, எதனால், எங்கே போய் நின்றது. பழைய பதிவுகளைத் தேடிச் சேர்த்து, புதியவற்றை உடனுக்குடன் சேர்த்து உருவான பட்டியல். பெரும்பாலானவற்றில் யாருக்கும் கீறல்கூட விழவில்லை. அவற்றையும் எழுதினார்கள்.

அதில் ஒரு பதிவை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். 1996 ஜூலை 10, மாலை 6.52. கிளேசியர் பாயின்ட் பக்கத்துச் செங்குத்துப் பாறையில் இருந்து கிரானைட் பாளங்கள் கழன்றன. அவோராக்கியோடு ஒப்பிட்டால் துணுக்கு. நாற்பதாயிரம் கன மீட்டர்கூட இல்லை. ஆனால் சரிவில் உருண்டு வராமல், கிட்டத்தட்ட 550 மீட்டர் அந்தரத்தில் விழுந்தன. தரையைத் தொட்டபோது வேகம் மணிக்கு நானூறு கிலோமீட்டர் அளவில் இருந்தது. அடிபட்ட இடத்தில் நசுங்கிய காற்று வெடித்துக் கிளம்பி, கல் போகாத இடத்திலும் ஏறத்தாழ ஆயிரம் மரங்களைச் சாய்த்தது. பிறகு தூசு மூடிப் பள்ளத்தாக்கு இருண்டது. ஒருவர் இறந்தார். கல் எங்கே விழும் என்று மட்டும் பார்த்தால் போதாது, காற்று எங்கே போகும் என்றும் பார்க்க வேண்டும் என்பது அந்த மாலையில் தெரிந்தது.

பட்டியலால் என்ன பலன் என்றால், 2008 அக்டோபரில் அதே பள்ளத்தாக்கின் கறி வில்லேஜ் என்ற தங்குமிடத்தில் பாறைகள் விழுந்தன. உயிர்ச்சேதம் இல்லை. ‘யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே’ என்று மறுநாள் திறந்துவிடவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட குடில்களை நிரந்தரமாக மூடினார்கள். பிறகு பள்ளத்தாக்கு முழுவதும் நடந்து, மலையடியில் இருந்து வெகுதூரம் உருண்டு வந்து கிடக்கும் தனிப் பாறைகளைக் கணக்கெடுத்து, அவை வந்து எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று பார்த்து, அபாய எல்லை ஒன்றை வரைந்தார்கள். வெகுதூரம் உருண்டு வந்து நின்ற கற்கள்தான் அங்கே எல்லைக்கற்கள்.

நம் மாவட்டத்தில் மலை விழுந்த நினைவு ஒன்று உண்டு, எல்லோருக்கும் தெரிந்தது. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகும்போது ஒரு துண்டு உதிர்ந்து விழுந்தது, அதுதான் மருந்துவாழ்மலை. பொற்றையடிப் பக்கம் போகும்போதெல்லாம் என் ஆச்சி அதைக் காட்டிக் கும்பிடுவாள். அவோராக்கிக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. நியூசிலாந்தின் ஙாய் தாகு என்ற மாவோரி குலத்தாருக்கு அந்த மலை மூதாதை. தம்பிமாரோடு தோணியில் வந்து, தோணி கவிழ்ந்து, அப்படியே கல்லாகிப் போன மூத்தவன். உச்சியில் காலை வைத்து நிற்காதீர்கள் என்று மலையேறுபவர்களிடம் இன்றும் கேட்டுக்கொள்கிறார்கள். மலையைத் தெய்வமாகவும் உறவாகவும் வைத்திருப்பவர்கள்தான் அதன் ஒரு துண்டு விழுந்தாலும் கவனிப்பார்கள் என்று நினைக்கிறேன். அனுமன் கையில் இருந்து துண்டு விழுந்த கதையை நாம் யுகம் யுகமாகச் சொல்கிறோம். போன ஆண்டு விழுந்த துண்டைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஆளில்லை.

மலை துளித் துளியாக உதிர்வதற்கான சாட்சியும் இங்கேயே இருக்கிறது. கன்னியாகுமரிக் கடற்கரையின் செம்மண்ணையும் கருமண்ணையும், அம்மனின் கல்யாணம் நின்றுபோனபோது சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும் மணலானது என்று சொல்வார்கள். அந்தச் சிவப்பு, பாறைக்குள் இருந்த செம்மணிக்கல் பொடிந்து ஆறுகள் வழியாக வந்தது. மலை விழுந்து விழுந்துதான் அந்தக் கரை.

இந்த இயல்பான உதிர்தலோடு மனிதர் வெட்டும் வெட்டு சேரும்போது கணக்கு மாறுகிறது. மலையின் அடிதான் முட்டு. குவாரிக்கும் சாலைக்கும் அடியை வெட்டினால் மேலே உள்ள தகடு எதன் மேல் நிற்கும்? வெடி வைக்கும்போது தெறிப்பது நாம் வேண்டிய கல் மட்டுமல்ல. பின்னால் நிற்கும் பாறையின் பாலங்களும் சில உடையும். 2022 மே 14 இரவில், பக்கத்து நெல்லை மாவட்டத்து அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். 2024 டிசம்பர் 1 அன்று, பெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை அடிவாரத்தில் மண்ணும் பாறையும் உருண்டு வந்து ஏழு பேரைக் கொண்டுபோனது. அதில் ஐந்து பேர் குழந்தைகள். இந்த இரண்டு தேதியும் நமக்கு நினைவிருக்கிறது. இவற்றுக்கு முன்னால் அதே சரிவுகளில், ஆளில்லாத நேரத்தில் விழுந்த சின்னச் சின்னக் கற்களின் தேதியும் கையில் இருந்தால் எவ்வளவு உதவியிருக்கும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நிலச்சரிவு வாய்ப்புள்ள பகுதிகளுக்கு நாடு தழுவிய வரைபடம் தயாரித்திருக்கிறது. அது அவசியமான வேலை. ஆனால் எந்தத் தோட்டத்தில் எந்தக் கல் எப்போது வந்து கிடந்தது என்பது அந்தத் தோட்டக்காரருக்குத்தான் தெரியும்.

வேளிமலை அடிவாரத்தில் என் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் வாழைத்தோட்டம் இருக்கிறது. நடுவில் ஒரு பாறை. அதைச் சுற்றித்தான் வாய்க்கால் வளைந்து போகும், அதன் நிழலில்தான் கஞ்சி குடிப்பார்கள். போன மாதம் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போனேன். நாலு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், உயரம் இரண்டு. மூலைகள் மழுங்கியதைக் கழித்தாலும் ஐம்பது டன்னுக்குக் குறையாது. மூன்று பக்கமும் கறுத்துக் கல்பாசி படர்ந்திருந்தது. மேற்குப் பக்கம் மட்டும் வெளிறி, தட்டையாக, பாசி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. அந்த முகம்தான் மலையோடு ஒட்டியிருந்த முகம். நிமிர்ந்து பார்த்தால் மேலே மரங்களுக்கு நடுவே அதே வெளிறிய நிறத்தில் ஒரு தழும்பு. சரிவு முடிந்து தரை சமமாகும் இடத்தில் இருந்து பாறை வரை எட்டு வைத்து எண்ணிக்கொண்டே நடந்தேன். அறுபத்தெட்டு எட்டு.

சித்தப்பாவிடம் கேட்டேன், இது எப்போது வந்தது என்று. “நான் சின்னப் பிள்ளையா இருக்கும்பமே இங்கதான் கெடக்கு மக்கா. இதையெல்லாம் யாரு எழுதி வச்சா?”

பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தெரிந்திருந்தது. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“மூத்தவளைப் பெத்துப்போட்டுக் கெடந்தேன். கும்பப்பூ அறுப்பு முடிஞ்சிருந்து. பட்டப்பகல். இடியாக்கும்னு வெளிய வந்து பாத்தா வானம் வெளுத்துக் கெடக்கு, ஒரு மேகம் இல்ல. பொறவுதான் தூசி எந்திரிச்சுது. அன்னைக்கு வேலைக்கு ஆளு வரல்ல, பகவதி காத்தா.”

மூத்த மகள் பிறந்த ஆண்டு ரேஷன் கார்டில் இருந்தது. நோட்டில் இப்படி எழுதினேன்: 1974, மாசி அல்லது பங்குனி. பகல். மழை இல்லை. ஒரு பாறை, சுமார் ஐம்பது டன். அடிவாரத்தில் இருந்து அறுபத்தெட்டு எட்டு தூரம். ஆள் சேதம் இல்லை.

சித்தப்பாவின் புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்த இடத்தையும் அளந்தேன். அடிவாரத்தில் இருந்து நாற்பத்தொரு எட்டு. நோட்டை அவரிடம் கொடுத்தேன். இரண்டு எண்ணையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.